கடைசிப் பகுதிக்கு வர்ணம் கிடையாது

பாலு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வராததை வந்த மாதிரி காட்டுவது உன் தொழில், எனக்கு அது வேண்டாம். இதைத் தமிழில் எழுதுகிறேன். மலையாளம் என்றால் நீ கடகடவென்று படித்துவிடுவாய், தமிழ் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா? மெதுவாகவே படி. நான் உன்னைத் திட்டியிருக்கும் ஒவ்வொரு சொல்லிலும் நீ கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்காகவே தமிழ்.

உன் புதுக் கடையின் திறப்புவிழா அழைப்பிதழ் வந்து சேர்ந்தது. கொச்சி ஜூ டவுனில் நம் கடை இருக்கிற அதே வரிசையில், மிளகுக் கிட்டங்கி ஒன்றைத் தாண்டினால் உன் கடை. ஆனால் அழைப்பிதழ் தேவராவில் உன் வீட்டிலிருந்து கூரியரில் வருகிறது, நேரில் கொண்டுவந்து கொடுக்க உனக்கு முகமில்லை. வழவழப்பான அட்டை, தங்க எழுத்து, நடுவில் ஒரு இருவாச்சி. மஞ்சள் அலகைத் தூக்கிக்கொண்டு மரக்கிளையில் உட்கார்ந்திருக்கிறது. கொண்டுவந்த கூரியர்காரரே "நல்ல பங்கியுண்டல்லோ சேச்சி" என்று அழகை மெச்சிவிட்டுப் போனார். அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தேன். உள்ளே நீ மலையாளத்தில் எழுதிய துண்டுக் குறிப்பு: அம்மா வந்து விளக்கேற்ற வேண்டும், வரும்போது பெரிய பறவைப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும், அதைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார். அன்று சாயங்காலம் போனிலும் அதையே சொன்னாய்.

"அவர் கேட்டா நான் என்னடா சொல்லணும்?" என்றேன்.

"அம்மா ஒண்ணும் பறைய வேண்டாம். அங்கே இருந்தா மதி. அம்மாவைக் கண்டா ஆளு நம்பும்."

அதாவது, என் வாயால் பொய் சொல்ல வைக்க மாட்டாய், என் முகத்தை உட்கார வைத்து நீ சொல்லிக்கொள்வாய். பெற்ற தாய்க்கு மகன் காட்டுகிற மரியாதை இது. போனை வைத்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது, அதுவரை ஆச்சரியமாகத்தான் இருந்தது. இந்தக் கடிதம் அந்தக் கோபம்.

அந்தப் புத்தகத்தின் கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பெங்களூர்க்காரரிடம் நீ வேறு கதை சொல்லப்போகிறாய். உன் தாத்தா பழைய பேப்பரை எடைக்கு வாங்கிக் கொண்டிருந்த கடைதான் நம் கடை. உன் அப்பாவுக்கு முனிசிபாலிட்டி வேலை, கடையில் உட்கார ஆளில்லை, தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த நான் உட்கார்ந்தேன். தொண்ணூறுகளில் வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியபோது, எடைக்கு வந்த பழைய புத்தகங்களில் இருக்கிற படங்களுக்குத் தனியாக விலை உண்டு என்று கண்டுகொண்டேன். அந்தக் காலத்தில்தான் கோட்டைக் கொச்சியில் ஒரு தேயிலைத் துரையின் பழைய பங்களாவைக் காலி செய்தார்கள். பஞ்சாங்கம், ரயில்வே டைம் டேபிள், கரையான் தின்ற சட்டப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அடியில் தோல் அட்டை போட்ட அந்தப் பெரிய புத்தகம். மற்றதெல்லாம் கைவண்டியில் வந்தது, அதை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். நீ அப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையிலேயே படம் வரைந்து கொண்டிருப்பாய்.

அதில் இருப்பது என்ன என்று எனக்குச் சொன்னவர் பம்பாய் டாக்டரம்மா. கண் டாக்டர். ஒவ்வொரு டிசம்பரிலும் கொச்சிக்கு வருவார், வந்தால் முதலில் நம் கடைக்குத்தான் வருவார், பறவைப் படம் தவிர வேறு எதையும் கேட்க மாட்டார். அவர் புத்தகத்தைத் திறந்து, பக்கம் பக்கமாகக் காட்டி, இந்தியும் இங்கிலீஷும் கலந்து எனக்குப் புரிய வைத்தார். நம் மலைகளில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு துரை, மலபார்ப் பறவைகளைப் பற்றி லண்டனில் போட்ட புத்தகம் அது. அப்போதெல்லாம் இந்த மாதிரிப் புத்தகத்தை முழுதாகப் போட யாரிடமும் முதல் இருக்காது. சந்தாதாரர்களைச் சேர்ப்பார்கள். சில படங்களும் கொஞ்சம் விவரமுமாகச் சேர்த்து, காகித உறை போட்டு, ஒரு பகுதி வெளியிடுவார்கள். அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த பகுதி. எல்லாப் பகுதியும் வந்து சேர்ந்த பிறகு சந்தாதாரர் தன் செலவில் தோல் அட்டை போட்டுக்கொள்வார். படத்தைக் கல்லில் வரைந்து கறுப்பு மையில் அச்சடிப்பார்கள். வர்ணம் மட்டும் கையால். ஓவியர் ஒரே ஒரு தாளுக்கு வர்ணம் போட்டு மாதிரியாக நடுவில் வைப்பார், சுற்றி உட்கார்ந்த பெண்கள் அதைப் பார்த்து மற்ற தாள்களுக்கெல்லாம் போடுவார்கள், ஒருத்தி நீலம் மட்டும், இன்னொருத்தி பச்சை மட்டும். இதைக் கேட்டபோது எனக்கு அந்த நீலக்காரி மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

கடைசிப் பகுதி வெளிவருவதற்குள் அந்தத் துரை செத்துப்போனார். கறுப்பு மையில் அச்சாகிவிட்டது. வர்ணம் போடுகிறவர்களுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. அவர் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? சும்மா இருந்துவிடவில்லை, யாரையாவது பிடித்து ஏதோ ஒரு வர்ணத்தை அப்பி அனுப்பவும் இல்லை. கறுப்பு வெள்ளையாகவே சந்தாதாரர்களுக்கு அனுப்பி, பகுதியின் முதல் பக்கத்தில் ஒரு சின்ன அச்சுச் சீட்டை ஒட்டினாள். கணவர் இறந்துவிட்டார், இந்தப் படங்களுக்கு அவர் மனதில் இருந்த வர்ணம் என்னவென்று எனக்குத் தெரியாது, தெரியாததைப் போட எனக்கு உரிமை இல்லை, மன்னிக்கவும். இதுதான் அதில் இருந்த செய்தி. அதனால் அந்தப் புத்தகம் உலகத்தில் எங்கே இருந்தாலும் கடைசிப் பகுதிக்கு வர்ணம் கிடையாது. இருவாச்சி அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கிறது. உன் அழைப்பிதழில் தங்க எழுத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறதே, அந்த இருவாச்சிதான்.

நம் கடையில் வர்ணம் போட்டதே இல்லை என்று நான் சொல்லவில்லை. கரையான் அரித்து, பாதிப் பக்கம் போய், இனிப் புத்தகமாக நிற்காது என்று ஆனவற்றை நானே பிரித்துப் படங்களை விற்றிருக்கிறேன். அதில் கறுப்பு வெள்ளையாக வந்த படங்களுக்கு நீ வர்ணம் போட்டாய். உன் கை அப்படிப்பட்ட கை. ஆனால் அதற்கு ஒரு முறை வைத்திருந்தேனே, மறந்துவிட்டதா? நீ தூரிகையைக் கழுவி வைத்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கம் மூலையில் பென்சிலால் 'புது வர்ணம்' என்று எழுதுவேன். விற்கும்போது வாயாலும் சொல்வேன். வாங்குகிறவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். சொல்லி விற்றதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிறகு நீ வளர்ந்தாய். பென்சில் எழுத்து இல்லாமல் படங்கள் வெளியே போக ஆரம்பித்தன. கேட்டால், "மறந்து போயம்மா" என்பாய். ரப்பர் தூளை ஊதிவிட்டு மறந்து போச்சு என்று சொல்கிறவனை அன்றே நான் கடையை விட்டு இறக்கியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தாய் தன் பங்குத் தப்பை ஒத்துக்கொள்வாள், உன்னை நான் சரியாக வளர்க்கவில்லையோ என்று மூக்கைச் சிந்துவாள் என்று எதிர்பார்ப்பாய். கிடையாது. நான் உன்னைச் சரியாகத்தான் வளர்த்தேன். கெட்டுப்போனது நீயாகக் கெட்டுப்போனது.

உன் அப்பா போய் அடுத்த மழைக்காலத்தில் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கும்பளங்கிக்கு, உன் பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். கடைச் சாவி உன்னிடம். நான் திரும்பி வந்த அன்று நீ என்னை நாற்காலியில் உட்கார வைத்தாய், சாயா வாங்கிக் கொடுத்தாய், பிறகு புத்தகத்தை எடுத்துவந்து என் முன்னால் திறந்தாய். "அம்மா, புக்கு முழுசாச்சு. இனி இதுல ஒரு குறவும் இல்லா." கடைசிப் பகுதி முழுவதும் வர்ணம். இருவாச்சி, மரகதப்புறா, மரங்கொத்தி எல்லாம் இப்போதுதான் முட்டையிலிருந்து வந்த மாதிரி பளபளத்தன.

உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. அந்த லண்டன் பெண்களின் வர்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளே, வந்ததும் சந்தோஷப்படட்டும் என்று என் மகன் கண்விழித்துப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். உன் தலையைத் தடவினேன். செய்தது தப்பு என்று தெரிந்தும், அன்று முழுவதும் எனக்குக் கோபம் வரவில்லை. பாசத்தில் செய்த முட்டாள்தனம், போகட்டும், ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் பென்சிலால் எழுதி வைத்துவிடுவோம் என்று இருந்தேன். மறுநாள் காலையில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்து, பகுதியின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். சீட்டைக் காணோம். அது ஒட்டியிருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்துக் கிடந்தது.

"சீட்டு எங்கேடா?"

"அது ஒரு நோட்டீஸ் அல்லே அம்மா. கலர் இல்லான்னு எழுதினது. இப்பத்தான் கலர் உண்டே, பின்னே எதுக்கு?"

"எங்கேன்னு கேட்டேன்."

"நனைச்சு எடுத்தேன். பிஞ்சு போச்சு."

அந்த நிமிஷம்தான் எனக்கு நீ யார் என்று தெரிந்தது. பாசத்தில் வர்ணம் போட்டவன் அந்தச் சீட்டைத் தொட்டிருக்க மாட்டான். விற்கிறதற்காகப் போட்டவனுக்குத்தான் அது இடைஞ்சல். என்னை ஒரு நாள் முழுவதும் சந்தோஷப்பட வைத்துவிட்டாயே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. புருஷனை இழந்த ஒருத்தி, எனக்குத் தெரியாது என்று நாலு வரியில் எழுதி அனுப்பியது இத்தனை காலம் பத்திரமாக இருந்தது. கப்பலில் வந்து, மழைக்கும் பூச்சிக்கும் தப்பி, எடைக் கடைக்கு வந்தும் தப்பியது. உன் கையில் பிய்ந்தது.

டிசம்பரில் டாக்டரம்மா வந்ததை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். அந்தத் தடவை அவர் சும்மா வரவில்லை. புத்தகத்தைப் பிரிக்காமல், ஒரு தாளைக்கூட வெட்டாமல், முழுதாக வைத்துக்கொள்ள ஒரு நூலகத்தைச் சம்மதிக்க வைத்துவிட்டு வந்திருந்தார். பத்து வருஷத்துக்கு மேல் நான் அதை விற்காமல் வேப்பிலை போட்டு அலமாரியில் காத்தது இதற்குத்தான். உன்னைப் பற்றி எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது நீ முந்திக்கொண்டாய். புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்து, கடைசிப் பகுதிக்கே நேராகத் திருப்பி, "ஒரிஜினல் கலர் மேடம், வெரி ரேர்" என்றாய். உலகத்தில் எதிலும் இல்லாத வர்ணம் நம் புத்தகத்தில் மட்டும் இருந்தால் விலை கூடும் என்பது உன் கணக்கு. அந்தப் புத்தகத்தைத் தெரிந்தவர்களிடம் அதுவே உன் குட்டை உடைத்துவிடும் என்று தோன்றவில்லை. அந்தச் சீட்டைக் கிழிப்பதற்கு முன் நிதானமாகப் படித்திருந்தாலாவது தோன்றியிருக்கும்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நான் முன்பு பார்த்தபோது இப்படி இல்லையே?" என்றார்.

"இல்லை மேடம். இது என் மகன் போட்டது" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. இருவாச்சியின் பக்கத்தை விட்டு, புத்தகத்தின் முன்பகுதிக்குப் போனார். நல்ல வர்ணம் உள்ள பழைய பக்கங்கள், அந்த நீலக்காரியும் பச்சைக்காரியும் போட்டவை. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில் எதெல்லாம் இவன் போட்டது?"

"அதெல்லாம் பழசு மேடம். சத்தியமாப் பழசு. இவன் கடைசிப் பகுதியை மட்டும்தான் தொட்டான்."

"நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன். ஆனால் நூலகத்துக்கு நான் என்ன எழுதுவது? இவன் கை இவ்வளவு நன்றாக இருக்கிறதே."

அதோடு எழுந்தார். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். அடுத்த டிசம்பரில் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நீ ஒரு பகுதியை மட்டும் கெடுக்கவில்லை, கெடாத பகுதிகளையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாய். நல்லதாக இருந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்போது நான் சத்தியம் பண்ண வேண்டியிருக்கிறது. சத்தியம் பண்ணினாலும் எடுபடவில்லை. அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "ஆளுகள் முன்னாடி அம்மா என்னை நாறடிச்சு" என்று கத்திவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தேவராவுக்குப் போனாய். நாறினது நீ, வெளியே தெரிந்தது மட்டும்தான் என்னால்.

ஜூ டவுனில் யார்தான் செய்யவில்லை என்று நீ கேட்பாய். புது மேஜையைச் சாயா டிகாஷனால் கறுப்பாக்கி ராஜா காலத்து மேஜை என்று விற்கிறார்கள், புதுப் பித்தளையைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணில் புதைத்து எடுக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் கோர்ட்டு என்பாய். அவர்கள் விற்கிற மேஜையில் வாங்கினவன் உட்கார்ந்து சாப்பிடவாவது செய்யலாம். இந்தப் புத்தகத்துக்கு வேறு உபயோகம் ஒன்றும் இல்லை. ஒரு பறவை எப்படி இருந்தது, அதை அவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று சொல்வது ஒன்றுதான் அதன் வேலை. அந்த வேலையை நீ கெடுத்தாய்.

வர்ணமாவது சரியா என்றால், அதுவும் யாருக்குத் தெரியும்? இருவாச்சியின் கழுத்திலும் சிறகிலும் இருக்கும் மஞ்சளைப் பறவையே வாலடியில் ஊறுகிற எண்ணெயை அலகால் எடுத்துப் பூசிக்கொள்கிறது என்றும், செத்து, பாடம் பண்ணி வைத்தால் கொஞ்ச நாளில் அந்த மஞ்சள் வெளுத்துவிடும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். லண்டன் ஓவியருக்குக் கிடைத்தது பாடம் பண்ணின பறவை. உயிரோடு பறந்ததைப் பார்த்தவர் செத்துப்போன துரை ஒருவர்தான். எந்த மஞ்சள், எவ்வளவு மஞ்சள் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் போய்விட்டார். அதனால்தான் அவர் மனைவி தெரியாது என்று எழுதினாள். நீ எங்கிருந்து எடுத்தாய்? ஒரு காலண்டரிலிருந்து. அந்தக் காலண்டர் இன்னும் நம் வீட்டு அடுக்களையில் ஆணியில் தொங்குகிறது.

இப்போது உன் அழைப்புக்கு என் பதில். விளக்கேற்ற நான் வரமாட்டேன். உன் கடையில் என் முகம் இருக்காது. ஆனால் புத்தகம் வரும். திகைக்காதே, நிஜமாகவே அனுப்புகிறேன். அது இனி என் புத்தகம் இல்லை, நீ வர்ணம் போட்ட அன்றே உன் புத்தகமாகிவிட்டது. அதை அலமாரியில் வைத்துக்கொண்டு பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. தோப்பும்படியில் பைண்டிங் கடை வைத்திருக்கும் சேவியர் சேட்டனிடம் நேற்றுப் பேசிவிட்டு வந்தேன். நான் கேட்டதைக் கேட்டு அவர் தலையைச் சொறிந்தார்.

"சேச்சி, இது தச்சா பின்னே எடுக்கான் பற்றில்லா கேட்டோ."

"எடுக்க முடியக் கூடாதுன்னுதான் சேட்டா தைக்கச் சொல்றேன்" என்றேன்.

நீ கையில் வைத்துப் படித்துக்கொண்டிருப்பது நகல், பாலு. இதே கடிதத்தைப் புத்தகத்தின் அளவுக்கு வெட்டின நல்ல தாளில், அழியாத மையில், இன்னொரு தடவை எழுதியிருக்கிறேன். நீ சீட்டைப் பிய்த்தெடுத்த இடத்தில் அது இருக்கும். அந்தத் தாள்களையும் இருவாச்சித் தாளையும் ஒரே காகிதப் பட்டையில் ஒட்டி, ஒரே நூலில் சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். நனைத்து எடுத்துவிடலாம் என்று பார்க்காதே. என் கடிதத்தை உருவினால் உன் இருவாச்சியும் கிழிந்துகொண்டுதான் வரும்.

திறப்புவிழாவன்று பெங்களூர்க்காரர் வருவார். நீ புத்தகத்தை விரிப்பாய். கடைசிப் பகுதிக்கு வந்ததும் அவர் கை நின்றுவிடும். படத்துக்கு முன்னால் பக்கம் பக்கமாகக் கையெழுத்து, அவருக்குத் தெரியாத எழுத்து. இது என்ன, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். உன் கடையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். எழுத்துக் கூட்டியாவது படித்துச் சொல்.

அம்மா